தவமணி மாதிரி

ஜன்னல் ஷட்டரை இறக்காதீங்க சார். தூசி வரும், தெரியும். கேட்டைப் போட்டுட்டான், ரயில் போற வரைக்கும் வண்டி நகராது. அதுவரைக்கும் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். அந்தப் புளியமரத்துக்கு அங்கிட்டு லைட்டு எரியுது பாருங்க, அதான் கிரவுண்டு. விடிவெள்ளி கிளப். இன்னைக்கு பைனல். பாஸ்கெட்பால் சார். எங்க ஊர்ப் பிள்ளைக கிரிக்கெட் மட்டையத் தொடுறதுக்கு முன்னாடி இந்தப் பந்தைத்தான் தொடும்.

மைக்ல என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. 'நம்பர் ஏழு, ரெண்டு புள்ளி.' கேட்டுச்சா? அவ்வளவுதான். ரயில்வே ஸ்டேசன்ல வண்டி வர்றதைச் சொல்ற மாதிரி. ஹைஸ்கூல் டீச்சரம்மா அது. நல்ல பொண்ணுதான், நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. ஆனா அது ஒரு பேச்சா சார்? அந்த நாற்காலில நான் உட்காந்திருக்கணும். முந்தாநாள் செமி பைனல் வரைக்கும் நான்தான் உட்காந்திருந்தேன். மைக் சொக்குன்னு கேளுங்க, இந்த பஸ் கண்டக்டருக்கே தெரியும். டிக்கெட் குடுக்கும்போது என் மூஞ்சியைப் பாக்காமக் குடுத்தான்ல, தெரிஞ்சதுனாலதான்.

போனா? இல்ல, யாருக்கும் பண்ணல. சும்மா கையில வச்சிருக்கேன். செக்ரட்டரி கூப்பிடுவாரு. பாதி ஆட்டத்துக்குள்ள கூப்பிட்டிருவாரு. மைக்ல ஆள் சரியில்லேன்னா ஜனம் சும்மா இருக்காது சார். மதுரைல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லித்தான் ஏறினேன். ஆனா பை ஏதாவது வச்சிருக்கேனா பாருங்க. கூப்பிட்டா இந்தக் கேட்லயே குதிச்சு ஓடிருவேன்.

எனக்கு வேலை ரேசன் கடைல எடை போடுறது. அங்க என்னைய யாரும் மதிக்க மாட்டாங்க. அரிசி கருப்பா இருந்தா நான்தான் திருடன், சீனி வரலேன்னா நான்தான் திருடன். பகல் பூரா வாங்கிக் கட்டிக்குவேன். ஆனா வருசத்துல இந்த ஒரு வாரம், சாயங்காலம் மைக்கை ஒரு தட்டு தட்டி 'அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே'ன்னு ஆரம்பிச்சேன்னு வைங்க, ஊரே காதைத் தீட்டிக்கிட்டு நிக்கும். பால் கறக்கிறவன் கையை நிறுத்திட்டுக் கேப்பான். காலையில திருடன்னு சொன்ன அதே பொம்பள, 'சொக்கண்ணே நேத்து அருமையாப் பேசினீங்க'ன்னும். எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் ஆகல சார். இதுதான் இருந்துச்சு.

என்ன பேசுவேன்னா, ஒப்பிட்டுப் பேசுவேன். அதான் என் ஸ்பெசல். கோல் போட்டா எவன் வேணும்னாலும் 'கோல்'னு கத்திட்டுப் போயிரலாம். ஆனா இது யாரு போட்ட கோல் மாதிரி இருக்குன்னு சொல்லணும்ல? அதுக்கு ஞாபகம் வேணும். எங்க கிளப்ல எக்காலத்துக்கும் மூணே பேரு சார். காதர் மைதீன். பாதி கிரவுண்டுல நின்னு எறிவாரு, ரிங்ல படாம வலையில மட்டும் சத்தம் வரும். மூணு புள்ளிக் கோடெல்லாம் அப்ப இங்க கிடையாது. இருந்திருந்தா அவரை இந்தியாவே தூக்கிட்டுப் போயிருக்கும். அடுத்து செபஸ்தியான். போர்டுல பட்டுத் திரும்புற பந்து அவரு கைக்குத்தான் வரும், வேற எங்கயும் போகாது. மூணாவது தவமணி அண்ணன். மூணாவதுன்னு வரிசைக்குச் சொல்றேன். ஆளு முதல் ஆளு. வலது பக்கம் போற மாதிரி உடம்பைக் காட்டிட்டு இடது கையால வச்சுட்டு வருவாரு பாருங்க, மூணு பேரு நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டிருப்பாங்க. நான் அப்ப வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாத்தவன். ஒரு நாள் தண்ணி கேட்டாரு, ஓடிப்போய் வாங்கிட்டு வந்து குடுத்தேன். அந்த டம்ளரைத் திருப்பிக் குடுக்காம வீட்டுல வச்சிருக்கேன்.

இப்ப ஆடுறானே, நம்பர் ஏழு, அது அவரு மகன். நிரூபன். சின்னவன்.

சும்மா சொல்லக் கூடாது, ஆட்டக்காரன்தான். இந்த ஊருக்கு அந்த மூணு பேருக்கு அப்புறம் வந்த ஆட்டக்காரன் இவன் ஒருத்தன்தான். சிலபேரு அவங்களுக்கும் மேலங்கிறாங்க. டீக்கடையில உட்காந்துக்கிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்றது. மேலயாம். எப்படி ஆடுவான்னா கேக்குறீங்க? தூரத்துல இருந்து எறியுறது காதர் மைதீன் கை. எந்திரிச்சுப் பந்தை எடுக்குறது செபஸ்தியான். உடம்பைத் திருப்புறது அப்படியே தவமணி.

அவனோடதுன்னு எதுன்னா கேக்குறீங்க? புரியலையே சார். அவனோடதுன்னு தனியா என்ன இருக்கப் போகுது. ம்... ஒண்ணு இருக்கு. தனியா நின்னு எறியுற ப்ரீ த்ரோ போடுறதுக்கு முன்னாடி, ரிங்கைப் பாக்க மாட்டான். இந்தக் கேட் தெருப் பக்கமாத் திரும்பி ஒரு பார்வை பாப்பான், அப்புறம்தான் எறிவான். அது மட்டும் யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. அவங்க மூணு பேருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

ரயில் இன்னும் வரல பாருங்க. ஜனம் கத்துது. எதுக்குக் கத்துதுன்னு மைக்ல சொல்ல வேணாமா? 'நம்பர் ஏழு, மூணு புள்ளி.' போச்சு. நான் இருந்தா இந்நேரம் தவமணி அண்ணன் மாநில பைனல்ல கடைசி நிமிசத்துல போட்ட கோலை ஞாபகப்படுத்தியிருப்பேன். கிழவனுகளுக்கெல்லாம் கண்ணு கலங்கியிருக்கும்.

அந்தப் பையனுக்கு நான் என்ன குறை வச்சேன், நீங்களே சொல்லுங்க. அவன் டீமுக்கு வந்த அன்னைக்கே 'அப்பா போட்ட பதினொண்ணாம் நம்பரை எடுத்துக்கடா'ன்னு சொன்னேன். கமிட்டில பேசி நான் வாங்கித் தர்றேன்னேன். மாட்டேன்னு ஏழை எடுத்துக்கிட்டான். சரி, அடக்கமான பையன்னு விட்டுட்டேன். ஸ்கோர் எழுதுறவங்ககிட்ட ஜெ. நிரூபன்னு குடுத்திருந்தான், அம்மா பேரு ஜெயக்கொடி. என்னடா இது, இனிசியலைத் தப்பா எழுதியிருக்காங்களேன்னு நானே மைக்ல திருத்தி, தவமணி மகன் நிரூபன்னு வாசிச்சேன். ஒவ்வொரு கோலுக்கும் அப்படித்தான். தவமணி மாதிரி, தவமணி மாதிரின்னு நான் சொல்லச் சொல்ல கேலரி கூடவே சொல்லும். எந்தப் பிள்ளைக்குச் சார் அந்தக் குடுப்பினை வரும்?

இதுல இன்னொண்ணு கேளுங்க. எங்க கிளப் டோர்னமென்டுக்கு ஊர் பூரா கம்பத்துல கூம்பு ஸ்பீக்கர் கட்டுவோம். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல். கேட் தெருவுல மட்டும் கிடையாது. அங்கதான் இவங்க வீடு. எனக்கு மனசே கேக்கல. தவமணி அண்ணன் வீட்டு வாசல்ல மைக் சத்தம் கேக்கலேன்னா எப்படி? வயர்மேனைக் கூட்டிட்டுப் போய், அவங்க வாசலுக்கு நேரா உள்ள கம்பத்துலயே ஒண்ணைக் கட்ட வச்சேன். புருசன் பேரும் பிள்ளை பேரும் ஒண்ணா ஊருக்கே ஒலிக்கும்போது அந்தம்மா காதுலயும் விழணும்ல? பெருமையா இருக்கும்ல?

ஆட்டம் ஆரம்பிச்சதும் அந்தம்மா கதவைச் சாத்திரும். ஜன்னலையும் சாத்திரும். இந்த வெக்கையில. எதுத்த வீட்டுக்காரங்க சொன்னாங்க. நான் பாக்கணும்னே ஒரு தடவை அந்தப் பக்கமா வந்தேன், சாத்தித்தான் கிடந்துச்சு. எனக்கு வருத்தம்தான். ஜெயக்கொடி அக்காவை ரேசன் கடைல தெரியும். அது வந்தா நான் எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லி, 'தவமணி அண்ணன் வீட்டுக்கு முதல்ல போடுங்கப்பா'ன்னு சத்தமாச் சொல்லித்தான் போடுவேன். எடையும் நிறைவாப் போடுவேன். ஒரு நாளாவது நிமிந்து பாத்திருக்கும்ங்கிறீங்க? வலது கையால மட்டும் பையைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு போயிரும். இடது கை சேலைக்குள்ளயேதான் கிடக்கும்.

அப்புறம் போன வாரம், லீக் ஆட்டம் முடிஞ்ச மறுநாளு, நிரூபன் கடைக்கு வந்தான். கூட்டம் கலையிற வரைக்கும் ஓரமா நின்னான். 'அண்ணே, மைக்ல அவர் பேரைச் சொல்லாதீங்க. எம்பேரு மட்டும் போதும்'னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'ஏண்டா, அப்பா அளவுக்கு நீ இன்னும் வரலேன்னு பயப்படுறியா? வந்துருவடா, இன்னும் ஒரு படிதான்'னு தோள்ல தட்டினேன். 'அம்மா கேக்குறாங்கண்ணே'ன்னான். 'கேக்கத்தானடா கட்டியிருக்கோம்'னேன். அவன் திரும்பிப் போயிட்டான்.

மறுநாளே கேட் தெரு ஸ்பீக்கர் வயர் அறுந்து கிடந்துச்சு. குரங்கு வேலைன்னு நெனச்சேன். நம்ம ஊர்ல குரங்குத் தொல்லை சார், கேபிள் டிவிக்காரன்கிட்ட கேளுங்க. வயர்மேன்தான் 'இது கத்தியால வெட்டினது'ன்னான். போட்டி டீம் ஆளுக எவனாவது செஞ்சிருப்பான்னு, புது வயர் இழுத்து, சத்தத்தையும் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னேன். தவமணி அண்ணன் பேரை எவனும் அமுக்கிரக் கூடாதுல்ல.

இப்பயும் கூப்பிடல பாருங்க. சார்ஜ் இருக்கு, சிக்னலும் இருக்கு.

செமி பைனலுக்கு வர்றேன். நான் ஒரு பெரிய ஏற்பாடு பண்ணியிருந்தேன் சார். தவமணி அண்ணன் ஊரை விட்டுப் போய் ரொம்ப வருசமாச்சு. பிள்ளைக சின்னதா இருக்கும்போதே போயிட்டாரு. குடி, அது இதுன்னு சொல்வாங்க. அதெல்லாம் வீட்டு விசயம். நாம கிரவுண்டுல பாத்ததைத்தான் பேசணும். திருப்பூர் பக்கம் ஒரு மில்லுல வாட்ச்மேனா இருக்கார்னு கேள்விப்பட்டு, ஆளாளுக்குப் போன் போட்டு, நம்பரைப் பிடிச்சுப் பேசிட்டேன். 'அண்ணே, உங்க மகன் பைனல் ஆடப் போறான், நீங்க வந்து மாலை போடணும்'னேன். வர்றேன்னுட்டாரு. அந்தக் குரலை அத்தனை வருசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் கேக்குறேன். 'எவன், மூத்தவனா சின்னவனா?'ன்னு கேட்டாரு. வயசாயிருச்சுல்ல, ஞாபகம் பிசகும். 'அவனுக்கு அவ என்ன பேரு வச்சிருந்தா?'ன்னாரு. நான் சொன்னேன்.

செமி பைனல்ல கடைசி நேரம். ரெண்டு டீமும் சமம். நிரூபனைத் தள்ளிவிட்டுட்டாங்க, ரெண்டு ப்ரீ த்ரோ. கிரவுண்டே கப்சிப். இதை விட நல்ல நேரம் கிடைக்குமா? நான் மைக்கைப் பிடிச்சு, 'ரசிகப் பெருமக்களே, இந்தக் கரங்கள் தவமணியின் கரங்கள். பைனல் அன்னைக்கு அந்தத் தவமணியே இந்தக் களத்துக்கு வந்து தன் மகனுக்குத் தன் கையால் மாலை சூட்டப் போகிறார்'னு சொன்னேன். கேலரி எந்திரிச்சுருச்சு சார். விசில் பறக்குது. அவன் வழக்கம்போலக் கேட் தெருப் பக்கம் திரும்பினான். திரும்பினவன் ரொம்ப நேரம் அங்கயே பாத்துக்கிட்டு நின்னான்.

அப்புறம் பந்தைத் தரையில வச்சான். ரெஃபரி விசில் அடிக்கிறாரு, இவன் காதுலயே வாங்கல. நேரா என் டேபிளுக்கு நடந்து வந்தான். வந்து குனிஞ்சு, மெதுவாத்தான் பேசினான். நான் மைக்கை அணைக்கலாம்னு கை போறதுக்குள்ள பேசிட்டான்.

'அண்ணே, எங்கம்மாவால இடது கையைத் தோளுக்கு மேல தூக்க முடியாது. அவர் உடைச்சது. அடுப்பங்கரைல வச்சு, நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது. இந்தக் கரம் அந்தக் கரம்னு ஊருக்குச் சொல்றீங்க. அம்மா இப்ப அதைக் கேட்டுக்கிட்டு உட்காந்திருக்கு. எம்பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா பேரே வேணாம், நம்பரைச் சொல்லுங்க.'

அவ்வளவுதான் சொன்னான். அது மார்க்கெட்டுல கேட்டுச்சு, பஸ் ஸ்டாண்டுல கேட்டுச்சு, கோயில் வாசல்ல கேட்டுச்சு. நான் கட்டின கேட் தெரு ஸ்பீக்கர்லயும் கேட்டுச்சு. திரும்பிப் போய் ரெண்டு ப்ரீ த்ரோவையும் போட்டான். ஒருத்தரும் கை தட்டல. ஜெயிச்சுட்டோம், ஒருத்தரும் கை தட்டல. எல்லாரும் என்னையப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

நேத்து கமிட்டி கூடுச்சு. நான் மைக்ல இருந்தா ஆட இறங்க மாட்டேன்னு நிரூபன் சொல்லிட்டானாம். செக்ரட்டரி என்கூடப் படிச்சவரு, அவரு வாயாலயே 'சொக்கு, நீ இந்த வருசம் வேணாம்'னாரு. அடுத்த வருசம்னு கேட்டேன். நோட்டை மூடிட்டு எந்திரிச்சுட்டாரு. தவமணி அண்ணனுக்கும் நானே போன் போட்டு வராதீங்கன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. 'சரி, எங்க வரணும்னு சொன்ன?'ன்னாரு.

எனக்கு என்ன ஆத்தாமைன்னா, இதைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல சார்? வீட்டுல வச்சு, கடையில வச்சு? வந்தான், கடைக்கு வந்தான்தான். ஆனா அம்மா கை விசயத்தை அவன் அப்பச் சொல்லலையே. சொன்னாத்தான தெரியும். நான் அவனைப் பெருமைப்படுத்தத்தான் பேசினேன். வேற எதுக்குப் பேசினேன்? அந்த மனுசன் இடது கையால வைப்பாரு பாருங்க, பந்து அப்படியே... இல்ல, விடுங்க.

ராத்திரி தூக்கமே இல்ல. அந்த டம்ளரை எடுத்து முன்னாடி வச்சுக்கிட்டு உட்காந்திருந்தேன். மைக் இல்லேன்னா நான் யாரு சார்? அரிசி திருடன். நாளைக்குக் கடையைத் திறக்கணும். எப்படித் திறப்பேன்? அந்தம்மா அட்டையோட வந்து நிக்கும். யாரு வீட்டுக்குன்னு சொல்லி நான் அரிசி போடுறது? உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

ரயில் போயிருச்சு. கேட்டைத் தூக்குறான். இருங்க, போன்... இல்ல, உங்களோடதா. எடுங்க, எடுத்துப் பேசுங்க.

பாதி ஆட்டம் முடிஞ்சிருக்கும் சார் இந்நேரம். கூப்பிடல. அவனும் சொதப்பல போலிருக்கு. டீச்சரம்மா நம்பர் ஏழு, நம்பர் ஏழுன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஜனம் கத்துது. கேளுங்க, இப்ப என்ன கத்துறாங்க? நிரூபன்னா? ஆமா, நிரூபன் நிரூபன்னுதான். தவமணின்னு ஒருத்தன் சொல்லலையே. நான் ஆரம்பிச்சு வைக்காம எவனும் சொல்ல மாட்டான் போல.

வண்டி நகருது. இந்தா, இதான் கேட் தெரு. அந்தக் கம்பம் தெரியுதா, கூம்பு ஸ்பீக்கர், நான் கட்டினது. அதுக்கு நேரா நீலக் கதவு. அதான்...

சார். அந்தக் கதவு திறந்திருக்கு.

அந்தா, வாசல்ல நாற்காலி போட்டு உட்காந்திருக்கே, அதான் ஜெயக்கொடி அக்கா. ஸ்பீக்கருக்கு நேர் கீழ. பக்கத்துல தெருப் பொம்பளைங்க, பிள்ளைக எல்லாம் உட்காந்திருக்கு. என்ன பண்ணுது அது? கை தட்டுது சார். ஒரு கையால தொடையில தட்டுது. சிரிக்குது. அது சிரிச்சு நான் பாத்ததே இல்ல. டீச்சரம்மா ப்ரீ த்ரோன்னு சொல்லுது, அக்கா உடனே கிரவுண்டு பக்கமாத் திரும்பி உட்காருது பாருங்க. அவன் அங்க இருந்து இந்தப் பக்கம்தான் பாப்பான். இந்த நேரம் பாத்துக்கிட்டு இருப்பான்.

இத்தனை நாள் அந்தக் கதவு சாத்தியேதான் கிடந்துச்சு. இன்னைக்கு ஏன் சார் திறந்திருக்கு?

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்லாதீங்க.

வண்டியை ஏன் இங்க போய் ஸ்லோ பண்றான். டிரைவர் அண்ணே, போங்கண்ணே, போங்க. அவங்க பாத்துறப் போறாங்க. சார், அந்த ஷட்டரை இறக்குங்க. தயவு பண்ணி இறக்குங்க சார். சத்தம் காதுல விழக் கூடாது.